சேறு எத்தனை கிலோ தாங்கும்?

பொங்கல் கழிந்த கையோடு மரக்காணம் உப்பளத்துப் பக்கம் போனால் உப்பைப் பார்க்க முடியாது. ஆட்கள் மிதிப்பதைப் பார்க்கலாம்.

வடகிழக்குப் பருவமழை பாத்திகளையெல்லாம் குளமாக்கிவிட்டுப் போயிருக்கும். தேங்கிய தண்ணீரை முதலில் வடிப்பார்கள். மழை அடித்துக்கொண்டு வந்த வண்டலை வழித்து வரப்பில் போடுவார்கள். களி கொஞ்சம் இறுகி, ஆனால் வெடிப்பு விடாமல் இருக்கும் பதத்தில் ஆட்கள் வரிசையாக இறங்கிக் காலால் மிதிக்கத் தொடங்குவார்கள். ஒரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் இடைவெளி இருக்காது. பாத்தி முழுவதும் மிதித்து முடித்து, காயவிட்டு, மறுபடியும் மிதிப்பு. முதல் நாள் கணுக்கால் வரை இறங்கிய கால், கடைசி நாள் விரல் தடத்தை மட்டும் விட்டுவிட்டுப் போகும். அதன் பிறகுதான் உப்புத் தண்ணீரைக் கட்டுவார்கள். தரை இறுகாமல் கட்டினால் தண்ணீர் கீழே இறங்கிவிடும். உப்பை வாரும்போது பலகையோடு சேறும் சேர்ந்து வரும்.

3,000 ஏக்கருக்கும் மேல் விரிந்து கிடக்கும் இந்த உப்பளத்தில் ஆண்டுதோறும் நடக்கிற வேலை இது. தரை போதுமான அளவு இறுகிவிட்டதா என்பதை அந்தத் தொழிலாளியின் பாதம் சொல்லிவிடுகிறது. அதே கேள்வியைத்தான் சாலை போடுகிறவரும் பாலம் கட்டுகிறவரும் துறைமுகம் அமைக்கிறவரும் கேட்கிறார்கள்: இந்தச் சேறு எத்தனை கிலோ தாங்கும்? தாங்காவிட்டால் எதைக் கலந்தால் தாங்கும்? கலந்த பிறகு தாங்குகிறது என்று எப்படி நம்புவது? மூன்றாவது கேள்விதான் கடினமானது. உப்பு மண்ணில் அது இன்னும் கடினம்.

பாதம் சொல்வதை முதலில் கணக்காக்கிப் பார்ப்போம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒற்றைக் காலில் ஊன்றும்போது, பாதம் தரையைத் தொடும் பரப்பு சுமார் 150 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அழுத்தம் ஏறக்குறைய 40 கிலோபாஸ்கல். மென்மையான களித்தரை, தன் வெட்டு வலிமையைப் போல சுமார் ஐந்து மடங்கு அழுத்தம் வரை தாங்கும் என்று 1920இல் ஜெர்மனியின் லுட்விக் பிராண்ட்ல் கணக்கிட்டுக் காட்டினார்; துல்லியமாகச் சொன்னால் 5.14 மடங்கு. ஆக, கால் புதையாமல் நிற்கிறது என்றால் அந்தக் களியின் வெட்டு வலிமை 8 கிலோபாஸ்கலைத் தாண்டிவிட்டது என்று பொருள். எந்தக் கருவியும் இல்லாமல் உள்ளங்காலே அந்த அளவுகோலாக வேலை செய்கிறது. உப்பளத்துக்கு இது போதும். ஆனால் சரக்கு லாரியின் சக்கரம் சாலையை அழுத்துவது 560 கிலோபாஸ்கலுக்கும் மேல். நடுவில் இருக்கும் இந்தப் பெரிய இடைவெளியை நிரப்பத்தான் வேதியியல் வருகிறது.

களியின் குணம் புரிய, சமையலறையிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். இரண்டு கண்ணாடி டம்ளர்களில் மழைநீரையோ வடிகட்டிய தண்ணீரையோ எடுத்துக்கொள்ளுங்கள். குளத்துக் களியை அரைக் கரண்டி வீதம் இரண்டிலும் நன்றாகக் கரையுங்கள். ஒன்றில் மட்டும் ஒரு கரண்டி உப்பைப் போட்டுக் கலக்கி வையுங்கள். உப்புப் போட்ட டம்ளரில் கொஞ்ச நேரத்திலேயே சேறு திரள் திரளாகக் கூடி அடியில் உட்கார, மேலே தண்ணீர் தெளிந்துவிடும். மற்றது மறுநாள் காலையிலும் மோர் போலக் கலங்கியே நிற்கும்.

காரணம் மின்சாரம். களியின் துகள்கள் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தகடுகள். அவற்றின் முகத்தில் எதிர்மின்சுமை இருக்கிறது. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருப்பதால் நல்ல தண்ணீரில் அவை படிவதில்லை. தண்ணீரில் உப்பு நிறைய இருந்தால் அந்தத் தள்ளுவிசை அடங்கிவிடும். தகடுகள் நெருங்கி ஒட்டிக்கொள்ளும். கலங்கிய ஆற்றுநீரைத் தெளிய வைக்கப் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரசியவர்களும், படிகாரத்தைச் சுற்றியவர்களும் இதே வேலையைத்தான் வேறு பொருளைக் கொண்டு செய்தார்கள். ஆற்று வண்டல் கடலைத் தொடும் இடத்தில் சட்டென்று படிவதும் இதனால்தான். மரக்காணத்துக்கு மேற்கே கழுவேலி ஏரியும், அது கடலோடு சேரும் எடையன்திட்டுக் கழிமுகமும் இப்படி உப்பும் நல்ல தண்ணீரும் சந்திக்கிற இடங்கள்தாம்.

ஒரு சிக்கல் இருக்கிறது. சாப்பாட்டு உப்பில் இருக்கும் சோடியம் களியை விசுவாசமாகப் பிடித்துக்கொண்டிருப்பதில்லை. சுற்றிலும் தண்ணீர் உப்பாக இருக்கும்வரைதான் அந்தக் கட்டு. மழை பெய்து உப்பு கழுவப்பட்டுவிட்டால், சோடியம் ஏறிய களித் தகடுகள் முன்னைவிட அதிகமாக உப்பி விலகிக் குழம்பாகிவிடும். அப்படிப் பிரிந்த நுண்துகள்கள் கீழே உள்ள துளைகளை அடைத்துத் தரையை நீர் இறங்காததாக ஆக்குகின்றன. உப்பளத்துக்கு அது லாபம். ஆனால் மேல்தரை வலுவிழந்துவிடும், அது நட்டம். ஆண்டுதோறும் புதிதாக மிதிக்க வேண்டியிருப்பதில் இந்த வேதியியலுக்குப் பெரும் பங்கு உண்டு.

இதே கதையை நார்வே நாடு உயிர் கொடுத்துப் படித்திருக்கிறது. பனியுகத்தின் முடிவில் கடலடியில் படிந்த களி, பிறகு நிலம் உயர்ந்ததால் கரையாகிவிட்டது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மழையும் ஊற்றும் அதிலிருந்த உப்பைக் கழுவிக் கரைத்தன. பார்வைக்குத் திடமான நிலம்; மேலே பண்ணைகள், வீடுகள். ஆனால் குலுக்கினால் பாலாக ஓடும். 1978 ஏப்ரல் 29ஆம் தேதி ரிஸ்ஸா என்ற ஊரில் ஒரு பண்ணைக் கட்டடத்துக்காகத் தோண்டிய மண்ணை ஏரிக்கரையில் கொட்டினார்கள். அந்தப் பாரத்தில் தொடங்கிய சரிவு சுமார் 33 எக்டேர் நிலத்தை விழுங்கியது. 2020 டிசம்பர் 30 அன்று யேர்ட்ரம் பகுதியில் வீடுகளோடு நிலம் ஓடி 10 பேர் இறந்தார்கள். ரிஸ்ஸா சரிவைப் பற்றி எடுக்கப்பட்ட படத்தில் ஒரு காட்சி உண்டு. பாத்திரத்தில் தண்ணீராக ஆடுகிற களியில் கொஞ்சம் உப்பைப் போட்டுக் கலக்குகிறார்கள்; கண்ணெதிரே அது கெட்டியாகிறது. மரக்காணத்தில் ஒவ்வொரு மழைக்காலத்திலும் மேல்தரையில் நடப்பதைத்தான், நார்வேயின் மலைச்சரிவுகள் ஆழமாகவும் பல்லாயிரம் ஆண்டுகள் எடுத்துக்கொண்டும் செய்திருக்கின்றன.

ஆகவே கழுவினாலும் போகாத கட்டு வேண்டும். அதற்குச் சுண்ணாம்பு.

சுண்ணாம்பை நமக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கடலோரத்தில் கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பில் கட்டிய வீடுகள் நம் ஊர்களில் இன்னும் நிற்கின்றன. மரக்காணத்துக்கு வடக்கே கடப்பாக்கம் அருகே, கழிமுகத்தின் ஓரத்தில் ஆலம்பரைக் கோட்டை சிதைந்து கிடக்கிறது. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாக எழுந்த சுவர்கள் அவை. பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்ததை 1760இல் ஆங்கிலேயர் கைப்பற்றினார்கள். உப்புக் காற்றும் சுனாமியும் கண்ட பிறகும் சாந்து செங்கல்லை விடாமல் பற்றியிருக்கும் இடங்களை அங்கே தொட்டுப் பார்க்கலாம்.

அதே சுண்ணாம்பைச் சேற்றில் கலந்தால் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. ஒன்று உடனே, மற்றது நிதானமாக. சுண்ணாம்பில் இருக்கும் கால்சியத்துக்கு இரட்டை மின்சுமை. ஒற்றைச் சுமைகொண்ட சோடியத்தை அது களியின் முகத்திலிருந்து வெளியேற்றி, தகடுகளை இன்னும் நெருக்கமாக இழுத்துப் பிடிக்கிறது. சில மணி நேரத்தில், கையில் பசையாக ஒட்டிக்கொண்டிருந்த களி புட்டு மாவு போல உதிரியாகிவிடும். பிடித்தால் பிடிபடும், விட்டால் உதிரும். இதை முதன்முறை பார்க்கிறவர்கள் அது அதே மண்தான் என்று நம்பமாட்டார்கள்.

ஆனால் உதிரியானது உறுதியாகிவிட்டது என்று ஆகாது. உறுதி இரண்டாவது காரியத்தில் வருகிறது. சுண்ணாம்பு நிறைய இருந்தால் மண்ணிலுள்ள நீரின் காரத்தன்மை (pH) 12.4 என்ற அளவுக்கு ஏறும். அந்தக் காரத்தில் களியின் சிலிக்காவும் அலுமினாவும் மெல்லக் கரைகின்றன. கரைந்தவை கால்சியத்தோடு கூடிப் புதிய பசையாகப் படிகின்றன. சிமெண்டைக் கல்லாக்குகிற பசையும் இந்தக் குடும்பம்தான். களி தன்னையே கொஞ்சம் தின்று தனக்கே சிமெண்ட் செய்துகொள்கிறது என்று சொல்லலாம். 1966இல் அமெரிக்காவின் ஈட்ஸ், கிரிம் இருவரும் இதை வைத்து ஓர் எளிய சோதனையை வகுத்தார்கள். கொஞ்சம் மண்ணில் படிப்படியாகச் சுண்ணாம்பைக் கூட்டிக் காரத்தன்மையை அளக்க வேண்டும், 12.4 எட்டுகிற அளவுதான் அந்த மண்ணின் பசி அடங்குகிற அளவு. ஒரு மணி நேர வேலை. எவ்வளவு போட வேண்டும் என்று அது சொல்லும். எவ்வளவு தாங்கும் என்று சொல்லாது.

அதற்குத்தான் அமுக்கும் சோதனை. இந்தியத் தர நிர்ணயத்தில் ஐ.எஸ். 4332 என்ற வரிசை முழுக்கக் கலவை மண்ணைச் சோதிப்பதற்கானது. அதன் ஐந்தாம் பகுதி, 1970இல் வந்தது, பக்கத் தாங்கல் இல்லாத அமுக்க வலிமையை அளக்கும் முறை. ஆய்வகத்தில் யு.சி.எஸ். என்று சுருக்கிச் சொல்வார்கள். மண்ணும் சுண்ணாம்பும் அல்லது சிமெண்டும் கலந்து, அச்சில் இட்டு, உருளையாக எடுக்கிறார்கள். களிக்கு வழக்கமான அளவு 38 மில்லிமீட்டர் குறுக்களவு, 76 மில்லிமீட்டர் உயரம். கோழிமுட்டையைவிடச் சற்று மெலிந்த ஒரு சின்ன மண்தூண். ஈரம் போகாமல் பாலிதீனில் சுற்றி 7 நாள், 28 நாள், 90 நாள் என்று வைத்திருந்து, பிறகு இரண்டு தட்டுகளுக்கு நடுவே நிறுத்தி நிமிடத்துக்கு 1.25 மில்லிமீட்டர் வேகத்தில் அமுக்குகிறார்கள்.

அந்தச் சோதனையைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். கலப்பில்லாத மென்களி உருளை உடைவதே இல்லை. இடுப்பு பெருத்து, பீப்பாய் போலாகி, குள்ளமாகிக்கொண்டே போகும். பத்து நிமிடம் ஆனாலும் இங்கேதான் தோற்றது என்று ஒரு கணத்தைச் சுட்டிக்காட்ட முடியாது. சுண்ணாம்போ சிமெண்டோ கலந்து வயதேறிய உருளை வேறு மாதிரி. ஒரு நிமிடம் அசையாமல் நிற்கும்; அளவுமானியின் முள் ஏறிக்கொண்டே இருக்கும். பிறகு மேலிருந்து கீழாக ஒரு மயிரிழைக் கோடு. முள் திரும்பி விழும். ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்து தட்டில் விழும்.

எண்களாகச் சொன்னால், அந்த உருளையின் மேற்பரப்பு 1,134 சதுர மில்லிமீட்டர். 20 கிலோபாஸ்கல் வலிமையுள்ள கடற்களி என்றால் அது தாங்குவது 2.3 கிலோ, ஒரு பை தக்காளி. அதே உருளை 1,000 கிலோபாஸ்கலை, அதாவது ஒரு மெகாபாஸ்கலை எட்டினால் தாங்குவது 115 கிலோ. முட்டைப் பருமனில் நிற்கும் மண்தூண் ஒன்றின் தலையில் ஒரு மூட்டை நெல்லை ஏற்றி, அதன்மேல் ஒரு சிறுவனையும் உட்கார வைப்பதற்குச் சமம்.

இன்னொரு சோதனைக்குக் கருவியே வேண்டாம். காய்ந்த களி உருளையைத் தண்ணீரில் போட்டால் குமிழி விட்டுக்கொண்டு சில நிமிடங்களில் குவியலாகச் சரிந்துவிடும். காய்ந்த களியின் வலிமை ஒரு மயக்கம். அதனால்தான் ஊறவைத்து அமுக்குவதை நான் பெரிதும் நம்புகிறேன். சுண்ணாம்பின் கட்டு உண்மையானதென்றால் உருளை தண்ணீருக்குள் அப்படியே நிற்கும்.

சாலைக்கு இந்திய ரோடு காங்கிரஸ் வகுத்திருக்கும் விதியில் ஒரு நுட்பம் இருக்கிறது. சிமெண்ட் கலந்த அடித்தளம் 7 நாளில் 4.5 முதல் 7 மெகாபாஸ்கல் வரை வலிமை காட்ட வேண்டும் என்கிறது ஐ.ஆர்.சி. 37, 2018 பதிப்பு. கீழ் எல்லை புரிகிறது. மேல் எல்லை எதற்கு? வலிமை கூடக் கூட மண் விறைக்கிறது. விறைத்தது சுருங்கும்போது வெடிக்கும். அந்த வெடிப்பு மேலே உள்ள தார் வரை ஏறும். ஆகவே வலிமைக்கும் ஒரு பதம் உண்டு.

இவையெல்லாம் நல்ல தண்ணீரில் கலந்த மண்ணுக்கு. கடலோரத்துக்கு வருவோம்.

சென்னை ஐ.ஐ.டி.யின் கடல்சார் பொறியியல் மையத்தில் 1990களில் எஸ். நரசிம்ம ராவும் ஜி. ராஜசேகரனும் கடற்களியைச் சுண்ணாம்பால் உறுதிப்படுத்துவது பற்றித் தொடர்ச்சியாக ஆய்வு செய்தார்கள். களியில் சுண்ணாம்புத் தூண்களை நிறுத்தினார்கள். சுண்ணாம்புக் கரைசலை ஊசி போடுவதுபோலச் செலுத்திப் பார்த்தார்கள். தூணிலிருந்து கால்சியம் சுற்றியுள்ள களிக்குள் எவ்வாறு பரவுகிறது, எந்தத் தொலைவில் எவ்வளவு வலிமை ஏறுகிறது என்று அளந்தார்கள். வலிமையை அளந்ததோடு நிற்காமல், எக்ஸ் கதிர்களாலும் எலெக்ட்ரான் நுண்ணோக்கியாலும் அந்தக் களிக்குள் பிறந்த புதிய சேர்மங்களை அடையாளம் கண்டார்கள். எண் கூடியது மட்டும் போதாது, எதனால் கூடியது என்பதும் தெரிய வேண்டும் என்ற அந்தப் பிடிவாதம் எனக்கு மிகவும் பிடித்தது. ஏனென்றால் அதே ஆய்வு வரிசையில்தான் கடற்கரையின் பெரிய ஆபத்தும் வெளிச்சத்துக்கு வந்தது. களியில் சல்பேட் இருந்தால் சுண்ணாம்பு கட்டிய கட்டை அது குலைக்கிறது.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 2.7 கிராம் சல்பேட் இருக்கிறது. உப்பளத்தில் கடல்நீர் சுண்டச் சுண்ட இது இன்னும் செறிவாகும். உப்புத் தண்ணீரின் கனத்தை உப்பளத்துக்காரர்கள் டிகிரியில் சொல்வார்கள். கடல்நீர் மூன்று, மூன்றரை டிகிரி. 25 டிகிரி வந்தால் உப்பு விழும். அதற்கு வெகு முன்பே, 13 டிகிரியைத் தாண்டும்போது, வேறொன்று விழத் தொடங்குகிறது: ஜிப்சம், கால்சியம் சல்பேட். தூத்துக்குடிப் பக்கத்து உப்பளங்களில் இதைத் தனியாக வாரிச் சிமெண்ட் ஆலைகளுக்கு அனுப்புவதுண்டு. ஆக, உப்பளத்து நிலம் என்றால் உப்பு கலந்த களி என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. ஜிப்சமும் கலந்த களி அது.

அந்த மண்ணில் சுண்ணாம்பைப் போட்டால் கால்சியம், களியிலிருந்து கரைந்த அலுமினா, சல்பேட், தண்ணீர் நான்கும் கூடி எட்ரிங்கைட் என்ற படிகமாகின்றன. ஜெர்மனியில் எட்ரிங்கன் என்ற ஊரில் கண்டெடுத்த கனிமம். ஊரின் பெயரே கனிமத்துக்கும். ஊசி ஊசியாக வளரும் அந்தப் படிகத்தின் ஒவ்வோர் அலகும் 32 தண்ணீர் மூலக்கூறுகளைத் தனக்குள் பூட்டிக்கொள்கிறது. இறுகிப்போன மண்ணுக்குள் அப்படி ஒன்று வளர்ந்தால் மண் உப்பும், பிளக்கும்.

லாஸ் வேகாஸ் நகரின் ஸ்டூவர்ட் அவென்யூ என்ற சாலையில் இதுதான் நடந்தது. சுண்ணாம்பு கலந்து உறுதியாக்கிய மண்ணின் மேல் போட்ட சாலை, சில ஆண்டுகளுக்குள் இடத்துக்கு இடம் பொங்கி எழுந்து உடைந்தது. மண் பொறியியலில் பெரும் பெயர் பெற்ற ஜேம்ஸ் மிட்செல் 1986இல் வெளியான தம் டெர்சாகி உரையில் இதை எடுத்துச் சொன்ன பிறகுதான், உலகெங்கும் பொறியாளர்கள் சுண்ணாம்பைப் போடுமுன் சல்பேட்டைப் பார்க்கத் தொடங்கினார்கள். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. இளம் வயதில் அமுக்கிப் பார்க்கும் உருளை இந்த நோயைக் காட்டிக்கொடுக்காது. நோய் வளர நாளும் தண்ணீரும் வேண்டும். ஏழாம் நாள் தேறிய மண் இரண்டாம் ஆண்டு தோற்கலாம்.

மருந்து இல்லாமல் இல்லை. சுண்ணாம்பைக் கலந்த உடனே இறுக்கிவிடாமல், ஈரத்தோடு சில நாள் விட்டுவைப்பது ஒன்று. மாவைப் பொங்கவிட்டுப் பிறகு இட்லி வார்ப்பது போல, பொங்க வேண்டியது இறுக்குவதற்கு முன்பே பொங்கிவிடும். இரும்பாலைக் கசடுப் பொடியையும் நிலக்கரிச் சாம்பலையும் சேர்ப்பது இன்னொன்று. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியின் சாம்பலில் சுண்ணாம்பே இயல்பாகக் கூடுதலாக இருக்கிறது. மரக்காணத்திலிருந்து நெய்வேலி எட்டாத தொலைவும் இல்லை. சுண்ணாம்புக் கல்லைச் சுடும்போது அதன் எடையில் 44 சதவீதம் கரியமில வாயுவாக வானத்துக்குப் போகிறது என்பதை நினைத்தால், சாம்பலைப் பயன்படுத்தச் சொல்ல இன்னொரு காரணமும் கிடைக்கிறது.

உப்பு செய்யும் இன்னொரு குழப்பத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அது அடுப்பில் நடக்கிறது. மண்ணில் எவ்வளவு தண்ணீர் என்று அறிய, ஆய்வகத்தில் ஈர மண்ணை நிறுத்து, 105 முதல் 110 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு நாள் உலர்த்தி, மறுபடி நிறுக்கிறார்கள். குறைந்த எடை தண்ணீர்; மிஞ்சியது மண். நல்ல தண்ணீருக்கு இது சரி. உப்பளத்து மண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 100 கிராம் களியில் 100 கிராம் உப்புத் தண்ணீர். அதில் 25 கிராம் உப்பு, 75 கிராம் தண்ணீர். அடுப்பில் 75 கிராம்தான் ஆவியாகும். உப்பு களியோடு தங்கி, தானும் மண்தான் என்று கணக்கில் ஏறிவிடும். மிஞ்சியது 125 கிராம். 100க்கு 75 கொண்ட மண்ணை, 125க்கு 75, அதாவது 60 சதவீத ஈரம் என்று எழுதிவிடுவோம். முதல் அளவே பொய்.

அது ஏன் முக்கியம் என்பதற்கு நம் நாட்டு அறிஞர் ஒருவரின் பங்கைச் சொல்ல வேண்டும். கான்கிரீட்டின் வலிமையைத் தீர்மானிப்பது தண்ணீருக்கும் சிமெண்டுக்கும் உள்ள விகிதம் என்று 1918இல் டஃப் ஏப்ரம்ஸ் காட்டினார். கொத்தனார் தண்ணீரை அதிகம் விட்டால் மேஸ்திரி கத்துவது இதனால்தான். கடற்களிக்கும் அப்படி ஒரு விதி உண்டா? பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் டி.எஸ். நாகராஜ், ஜப்பானின் நொரிஹிகோ மியூரா, தாய்லாந்தின் சுக்சுன் ஹோர்பிபுல்சுக் மூவரும் 2001இல் உண்டு என்றார்கள். ஜப்பானின் கியூஷு தீவில் உள்ள அரியாகே கடற்களியில் சிமெண்டைக் கலந்து சோதித்த அவர்கள், களியில் உள்ள தண்ணீரைச் சிமெண்டால் வகுத்தால் கிடைக்கும் ஒரே எண் வலிமையைச் சொல்லிவிடுகிறது என்று கண்டார்கள். ஈரம் 80 சதவீதமாக இருக்கும் களியில் 10 சதவீதம் சிமெண்ட் போட்டாலும், ஈரம் 100 சதவீதமாகும்போது 12.5 சதவீதம் போட்டாலும் விகிதம் எட்டுதான். வலிமையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எத்தனை எளிமை! ஆனால் அந்த எளிமை முழுவதும் தண்ணீரின் அளவு சரியாக இருப்பதைப் பொறுத்தது. உப்பு அதைப் பொய்யாக்கினால் சிமெண்டின் அளவும் பொய்யாகும்.

ஆய்வகத்தை விட்டு வயலுக்கு வந்தால் இன்னொரு வேறுபாடு காத்திருக்கிறது. ஆழ்ந்த சேற்றில் துளைக்கோலைச் சுழற்றி இறக்கி, ஏற்றும்போது சுண்ணாம்பையோ சிமெண்டையோ கலந்து, மண்ணுக்குள்ளேயே தூண்களை உருவாக்கும் முறை 1967 வாக்கில் சுவீடனிலும் ஜப்பானிலும் தனித்தனியே தொடங்கியது. சுவீடனுக்குச் சுண்ணாம்பு, பிறகு சுண்ணாம்பும் சிமெண்டும். ஜப்பானுக்குத் துறைமுகங்களின் கடலடிச் சேறு. டோக்கியோ வளைகுடாவைக் கடக்கும் அக்வாலைன் சாலை 1997இல் திறக்கப்பட்டபோது, அதன் செயற்கைத் தீவுகளுக்குக் கீழே இப்படிக் கலந்து இறுகிய கடற்களி இருந்தது. ஆய்வகத்தில் கரண்டியால் பத்து நிமிடம் கலக்கிய களியும், பூமிக்குள் பத்து மீட்டர் ஆழத்தில் ஒரு கோல் சுற்றிக் கலந்த களியும் ஒன்றாகிவிடுமா? வயலில் கிடைக்கும் வலிமை, ஆய்வகத்தில் கண்டதில் பாதியாகவும் அதற்கும் குறைவாகவும் இருப்பது சாதாரணம். ஆகவே தூணைத் துளைத்து உள்ளிருந்து உருளையை எடுத்து மறுபடி அமுக்குகிறார்கள். கூர்முனையை இறக்கி எதிர்ப்பை அளக்கிறார்கள். வெயில் மட்டும் நமக்குச் சாதகம். குளிர்நாட்டில் மாதக்கணக்கில் ஊர்ந்து நடக்கும் சுண்ணாம்பின் வேலை நம் மண்ணின் சூட்டில் விரைவாக நடக்கும். அதனால் சுவீடன் எண்களை இங்கே அப்படியே எடுத்துப் போடவும் முடியாது.

மரக்காணம் வழியாகப் பெரிய வேலைகள் வரத் தொடங்கிவிட்டன. மரக்காணத்திலிருந்து புதுச்சேரி வரை 46 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையை, தேசிய நெடுஞ்சாலை 332ஏ என்ற எண்ணில், 2,157 கோடி ரூபாயில் நான்கு வழியாக்க மத்திய அமைச்சரவை 2025 ஆகஸ்டில் ஒப்புதல் அளித்தது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பளமும் உவர்நிலமும். அதே பகுதியில்தான் 5,151.60 எக்டேர் கழுவேலி, 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சேற்றில் இரை தேடும் பறவைக்குச் சேறு சேறாகவே இருக்க வேண்டும். காரத்தன்மை 12 ஏறிய மண்ணில் அதற்கு எதுவும் கிடைக்காது. எந்தச் சேற்றை இறுக்குவது, எதைத் தொடாமல் விடுவது என்பதை எந்த அமுக்கும் கருவியும் முடிவு செய்து தராது. அந்த முடிவை நாம்தான் முதலில் எடுக்க வேண்டும்.

இறுக்கித்தான் ஆக வேண்டும் என்ற இடத்தில், இந்த வேலையைச் செய்யப்போகும் இளம் பொறியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். மரக்காணத்து மண்ணைக் கலக்க ஆய்வகக் குழாய்த் தண்ணீரைப் பிடிக்காதீர்கள். மண் எடுத்த குழியிலிருந்தே ஒரு கேன் தண்ணீரும் எடுத்து வந்து அதில் கலக்குங்கள், அதிலேயே ஊறவையுங்கள். சல்பேட்டை அளந்த பிறகு சுண்ணாம்பைத் தொடுங்கள். அடுப்பில் மிஞ்சிய எடையில் உப்பைக் கழித்துவிடுங்கள். ஏழாம் நாள் எண் நன்றாக வந்தாலும், 90ஆம் நாளுக்கென்று சில உருளைகளை எடுத்து வைத்துக் காத்திருங்கள். மழை முடிந்த தை மாதத்தில் ஒருநாள் காலையில், பாத்தி மிதிக்கிறவர்களின் பக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நீங்களும் ஒருமுறை இறங்கி நில்லுங்கள்.